தலைக்கனம்

காலின்ஸ் தெருவில் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
வரவேண்டியவர்களுக்கு எந்த மணியை அழுத்துவதென்று தெரியும்.
எனக்கு நிலவறை. கணக்கு.
நூற்றுப்பதினோரு வருடப் பேரேடுகள்.
எந்த அரண்மனை எத்தனை மாதம் கடன் சொன்னது என்று
எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்று
கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை
அளவுநாடாவோடு படியிறங்கி வந்தார் பெர்த்தினி.
வரவேற்பறைப் பெண், காவலாளி, கண்ணாடி துடைக்கிற பையன்
எல்லார் தலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு
என்னிடம் வந்தார்.
ஐம்பத்து நான்கரை.
'இதுதான்' என்றார்.
எங்கோ பனி கொட்டுகிற நாட்டில் ஓர் இளவரசிக்கும்
டான்டினோங்கில் ரயிலேறி வரும் எனக்கும்
தலை ஒன்று.

அன்றிலிருந்து வியாழன்தோறும் மூன்று மணிநேரம்
முடிமேல் முடி.
எண்ணெய் வைக்காமல் வரச்சொன்னார்கள்.
முதலில் வெறும் பித்தளைக் கம்பி.
பிறகு சட்டம், கல் இருக்கவேண்டிய குழியெல்லாம்
பொக்கை வாய் திறந்தபடி.
பிறகு கற்கள், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம்,
பல் முளைப்பதுபோல.

அழகாயிருக்கிறதா என்று அவர் கேட்டதே இல்லை.
எங்கே வலிக்கிறது?
அது மட்டும்.

இடது காதுக்குப் பின்னால், ஒரு மிளகளவு.
அரத்தால் இரண்டு இழுப்பு.
இப்போது?
கடுகளவு.
இன்னும் ஒரு இழுப்பு.

சூப் குடி என்பார். சிரி. காரில் ஏறுவதுபோல் குனி.
இல்லாத குழந்தையிடமிருந்து
இல்லாத பூங்கொத்தை வாங்கு.
வாங்கினேன். முடி சரிந்து மூக்கில் நின்றது.
அடுத்த வாரம் சீப்பில் ஒரு பல் கூடியிருந்தது.
நடுப்பூவைச் சுருள்கம்பியில் நிறுத்தியிருந்தார்,
மூச்சு விட்டால் நடுங்கும்.
நான் மூச்சு விட்டபடி
ஜிஎஸ்டி படிவம் நிரப்பினேன்.

கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிடுவார்.
'பார்த்தால் கழுத்து பொய் சொல்லும்.'
ஆகவே நான் பார்த்ததில்லை.

'உமக்கு இப்ப தலைக்கனம் கூடிப்போச்சு'
என்றார் வீட்டில் குகதாசன், கறி கொதிக்கக் கொதிக்க.
முந்நூற்று எண்பது கிராம், என்றேன்.
நிறுத்துத்தான் சொல்கிறேன்.

பழைய பேரேடு ஒன்றில்
விக்கு, அரக்கு, வண்டிக்கூலிக்கு நடுவே ஒரு வரி:
தலை வாடகை, செல்வி டல்லி, ஆறு ஷில்லிங்.
வேறொரு கையெழுத்தில், வேறொரு ராணிக்கு:
தலை, திருமதி ஓகேன், மூன்று நாள்.
விரல் வைத்து வாசித்தேன்.
இவர்களுக்கு எங்கே வலித்தது என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.
அந்த முடிகளில் அது இருக்கும்,
அரம் தொட்ட இடத்தில்.

விருந்தை ரயிலில் கைபேசியில் பார்த்தேன்.
நான்கு மணிநேரத்தைப்
பதினொரு நிமிடமாய்ச் சுருக்கியிருந்தார்கள்.
குனிந்து பூங்கொத்து வாங்கினாள். சரியவில்லை.
சிரித்தாள். பூ நடுங்கியது.
ஒருமுறைகூட அவள் கை
இடது காதுக்குப் போகவில்லை.

போனது என் கைதான்.
எதிரே இருந்தவர்
ஏதோ பூச்சி என்று நினைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை
நிலுவைத் தொகைக்கு இரண்டாம் நினைவூட்டல் அனுப்பினேன்.
மேன்மைதங்கிய என்று தொடங்கி
முப்பது நாட்களுக்குள் என்று முடித்தேன்.