பேரிங் வரும்வரை

இரவு பதினொன்றரைக்கு
மூன்றாம் ரோலர் கத்தி நின்றது.
கத்தல் என்றால் கத்தல்,
கிழங்குத் தோட்டத்துக் கண்ணியில்
பன்றி மாட்டியதுபோல.
மேல்மாடியில் வாடிக் கிடக்கிறது
எண்ணூற்றுச் சொச்சம் கிலோ கொழுந்து.
விடிந்தால் அது தேயிலை இல்லை, குப்பை.

ஹட்டன் பஸ்ஸில் பேரிங் வரும் என்றார்கள்.
அக்கரப்பத்தனை ஸ்டோரில்
நாங்கள் மூன்று பேர், ஒரு ரேடியோ,
இரண்டு கோப்பை வெறுந்தேத்தண்ணி.

செய்தியில் சொன்னார்கள்:
கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு
வானத்தில் ஒரு வீடு கட்டப்போகிறதாம்.
தனியாக.

"முடியாது" என்றான் அமலதாஸ்.
"ஏழு பேர்ச்சில வீடு கட்டுனவன் சொல்றேன்.
மணல் ஒருத்தன், லொறி ஒருத்தன்,
தண்ணிக் குழாய்க்கு மூணு பேர் காணி தாண்டணும்.
கதவு நிலை வைக்க மட்டும்
பதினோரு பேர் பிடிச்சோம்.
அதுவும் கோணல்."

"முடியும்" என்றாள் புஷ்பகாந்தி,
வாட்டல் புத்தகத்தில் எண்களை எழுதியபடி.
"காசு இருக்கு, படிச்ச ஆள் இருக்கு, ராக்கெட் இருக்கு.
பத்து வருசம் பிந்தும். அவ்வளவுதான்."

நான் எதுவும் சொல்லவில்லை.
என் கை ரோலரின் வயிற்றுக்குள் இருந்தது.
இதன் உடம்பு வெள்ளைக்காரன் வார்த்தது;
அவன் போல்ட்டுகள் அங்குலத்தில்,
என் சாவிகள் மில்லிமீட்டரில்.
மோட்டார் கோயம்புத்தூர்.
பெல்ட் எந்த ஊரோ, எழுத்து தேய்ந்துவிட்டது.
காலில் இரண்டு ஒட்டு. ஒன்று என்னுடையது,
மற்றது எனக்கு முன்னால் இருந்த சிறில் பாஸ் வைத்தது.
அவன் ஒட்டுதான் இன்னும் விடவில்லை.

"அவங்க கட்டுனா
நம்ம கட்டுன மாதிரிதானே?" என்றான் அமலதாஸ்.
அவள் பேனாவை மூடினாள்.
"எந்த நம்ம?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
காற்றாடிகள் மட்டும் பேசின.
எங்கள் ஊர்ப் பெயரிலேயே
ஓர் அக்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கப்பலேறிப் போன சித்தப்பாவை அங்கே
சிலோன்காரன் என்றார்களாம்.
போகாத எங்களை இங்கே...
வேண்டாம், அது நீளமான கணக்கு.
முதலில் பேரிங் வரட்டும்.

நாலே முக்காலுக்குக் கண்டக்டர் சுனில்
பேப்பரில் சுற்றிய பொட்டலத்தைத் தந்தான்.
கேற்றடியில் நிமிர்ந்து பார்த்தேன்.
மலைக்கு மேலே ஒரு வெளிச்சம்,
சிமிட்டாமல், சத்தமில்லாமல்,
தெரிந்த பாதையில் போகிறவன்போலப் போனது.
"பதினஞ்சு நாடு சேர்ந்து கட்டினது" என்றாள்
பின்னால் வந்த புஷ்பகாந்தி.
"நேத்து போனது வேற.
அது ஒரே நாடு கட்டினது.
இதுக்குள்ள அவங்களைச் சேர்க்கல."

தனியாக என்பதை
நெஞ்சைத் தட்டிச் சொல்லும் சொல்லாகவே கேட்டிருந்தேன்.
அதற்குள் யாரோ சாத்திய கதவும் இருக்கும் என்று
அன்றைக்குத்தான் தோன்றியது.

"நீங்க ஏன் அமலதாஸ்
அவ்வளவு கஷ்டப்பட்டுத் தனியா கட்டினீங்க?"

அவன் யோசிக்கவே இல்லை.
"லயத்துல இந்தப் பக்கம் ஆணி அடிச்சா
அந்தப் பக்கம் மாதா படம் விழும்.
எனக்கு ஒரு ஆணி அடிக்கணும்.
என் செவுத்துல."

பேரிங் கூட்டுக்குள் லேசாக ஆடியது.
கூடு தேய்ந்துவிட்டது, இதற்குப் பேரிங் என்ன செய்யும்.
பால்மா டின்னை வெட்டி
நகத்தளவு மெல்லிய தகடு கொடுத்து இறுக்கினேன்.
டின்னில் சிரித்த மாடு
எந்த நாட்டு மாடென்று பார்க்க நேரமில்லை.
ரோலர் ஒருமுறை முனகி, பிறகு சுற்றியது.
பச்சை வாசம் கிளம்பியது.

பழுதுப் பதிவேட்டில்
'சரிசெய்தவர்' என்ற கட்டத்தில்
ஒரு பெயருக்குத்தான் இடம்.
என் பெயரை எழுதினேன்.
எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.