ஒரே நபர்

ஃபஹாஹீல் சூக்கின் பின்தெருவில்
எங்கள் கடைக்குப் பெயர் டைப்பிங்.
வேறு பெயர் யோசிக்க முதலாளிக்கு நேரமில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
கைப்பையைத் திறந்தபடி அவள் சொன்னாள்:
"இந்த நாலு பேரும் நான்தான்னு
ஒரு பேப்பர் வேணும்."

பாஸ்போர்ட்டில்
ஜி, என், ஏ, இசட், எச், ஏ, எல்.
வங்கி அட்டையில் அதிலே ஓர் எழுத்துக் குறைவு.
பத்தாக்காவில் கஸால்.
இப்படியும் ஒரு பெயர் இருக்காதென்று
யாரோ ஒரு நல்ல மனிதர்
திருத்தி, அவளை மானாக்கியிருந்தார்.
ஆஸ்பத்திரி லேபில் மிஸ் மலையப்பன்.
கடைசிக் கட்டத்தில் இருப்பதைத்தானே கூப்பிடுவார்கள்!
ரத்தக் குழாய்களில் ஒட்டும் சீட்டுக்கு
அவள் வெறும் ஜி.

ஞாழல்.

அரபியில் ஞ இல்லை, ழ இல்லை.
நம்மவர்களிடம் இருக்கிறதென்றும் சொல்வதற்கில்லை.
மெஸ்ஸில் நாளலு.
தமிழ் மன்றத்துச் செயலாளருக்கு யாழினி,
மூன்று வருடமாக, எத்தனை முறை சொன்னாலும்.
மங்காஃப் பேக்கரி குஞ்ஞுமோன் மட்டும்
ஒருமுறை கேட்டு
ஒருமுறை சொன்னானாம், பிசகாமல்.
கேக்கின் மேல் அதை
மலையாளத்தில் எழுதிவிட்டான்.
அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை.
ழ எதுவாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்து
ஓரத்திலிருந்தே வெட்டியிருக்கிறாள்.

"அப்பா தமிழ் வாத்தியாரா?"
எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன்.
லாரி டிரைவர்.
அவள் பிறந்த ராத்திரி
திண்டுக்கல்லிலிருந்து கரூர் வரை
முந்த விடாமல் முன்னால் போன வண்டியின்
பின்பலகையில் இருந்ததாம்.
அர்த்தம் அவருக்கும் தெரியாது,
வழி விடாத பெயர் என்பதைத் தவிர.

எனக்குத் தெரியும்.
நான் அகராதி பார்த்தவன்.
மூன்று வருடத்துக்கு முன் இதே மேசையில்
அவள் இக்காமா புதுப்பிக்க வந்தபோது
படிவம் அமைச்சகத்துக்குப் போனது,
பெயர் என்னோடு அறைக்கு வந்தது.
கடலோர மரம்.
வெண்கடுகு போல் பொடிப்பூ.
பழைய பாட்டுகளில் நெய்தல் மணலெல்லாம் அதுதான்.
இங்கே கடல் உண்டு, மணல் உண்டு,
அது ஒன்றுதான் குறை என்று தோன்ற
மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதினேன்:
"ஞாழல் உதிர்ந்த மணலில்
கால் வைக்கத் தயங்கி நின்றேன்."
மன்றத்து ஆண்டு மலரில் வந்தது,
"நிழல் உதிர்ந்த மணலில்" என்று.
மெய்ப்புப் பார்த்தவருக்கும் நல்லெண்ணம்.

நிழல் உதிர்வதா, என்ன படிமம் என்று
மேடையில் ஒருவர் வியந்தார்.
எனக்கு ஒரு டின்னர் செட் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.
திருத்தம் போடச் சொல்லியிருந்தால்
யாரைத் திருத்தினேன் என்று தெரிந்துவிடும்.

பிரிண்டர் சூடாகும்வரை அவள் சும்மா இருக்கவில்லை.
"மலர்ல உங்க கவிதை படிச்சேன்.
நிழல் எப்படிங்க உதிரும்?"
ஊரே கைதட்டியதை
அவள் ஒருத்திதான் கேட்டாள்.
காகிதத் தட்டை இழுத்தேன். மூடினேன்.
நிறையக் காகிதம் இருந்தது.

கீழ்க்கண்ட நான்கு பெயர்களும்
ஒரே நபரையே குறிக்கும் என
இதன்மூலம் உறுதி கூறப்படுகிறது.
ஐந்து என்று எண் போட்டு
புள்ளியும் வைத்து
அழித்தேன்.

இரண்டு தினார். ரசீதில்
பெயரைத் தமிழில் எழுதினேன், கையால்.
அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
"ழ-வுக்கு வால் நல்லா வந்திருக்கு."
நான்காக மடித்துப் பையில் வைத்து
படியிறங்கிவிட்டாள்.
முத்திரை வைத்த உறுதிமொழித் தாள்
மேசையிலேயே கிடந்தது.

எடுத்துக்கொண்டு ஓடினேன்.
பேருந்து நிறுத்தத்தருகே முதுகு தெரிந்தது.
கூப்பிட வாய் திறந்தேன்.
எத்தனையோ இரவு
எழுதி எழுதிப் பார்த்த பெயர்தான்,
சத்தமாக ஒரு தடவையும் சொன்னதில்லை.

"ஏங்க!"

அவளும் திரும்பினாள்,
டீக்கடை வாசலில் நின்ற
இரண்டு தஞ்சாவூர்க்காரர்களும்.