பூஜ்ஜியத்துக்குக் கீழே

காலை ஏழு, மாலை ஐந்து.
பாலத்தின் இரண்டாம் தூணில் அறைந்திருக்கும்
அளவுகோலைப் படிப்பது என் வேலை.
சம்பளம் பெட்ரோலுக்குக்கூடக் காணாது;
நல்லவேளை, நடந்துதான் போகிறேன்.

ஃப்ரசினா சின்ன ஆறு.
கார்பாத்திய மலையில், சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பில்
பானை வாயளவு பிறந்து
ஸ்ப்ரூஸ் காட்டின் இருட்டுக்குள்
தன் பாட்டுக்கு முணுமுணுத்து வந்து
பீச் மரங்கள் தொடங்குமிடத்தில் வலப்பக்கம் ஒடிகிறாள்,
குறுக்கே ஒரு குன்று படுத்திருப்பதால்.
பிறகு தொயாதெரின் மர அறுவை ஆலை,
என் பாலம்,
வில்லோப் புதர்கள், கல்லறைத் தோட்டத்தின் பின்சுவர்.
பதினெட்டாவது கிலோமீட்டரில் பெரிய ஆறு.
அதற்கப்பால் இவள் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஜனவரியில் படிக்க எண் கிடையாது.
உறைந்த பரப்பைக் கோடாலியால் துளைத்துக்
காது வைத்துக் கேட்பேன்.
இருக்கிறாள்.

மார்ச்சில் ஓர் இரவு
மாடிப்படியில் யாரோ அலமாரியை உருட்டிவிட்ட சத்தம்.
விடிந்தால் நூற்றெண்பது.
ஒரு முழு மரம், வேரில் மண்ணோடு,
அவசர வேலையாக எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

மே மாதம் ஸ்ப்ரூஸ் மகரந்தம் மிதந்து
கோலில் மஞ்சள் கோடு இழுக்கும்.
நேற்றைய கோடு, முந்தாநாள் கோடு.
தான் இறங்குவதைத் தண்ணீர் தானே குறித்துவைப்பது
அப்போது மட்டும்தான்.

அந்த வருடம் ஜூன் மழை வரவில்லை.
ஜூலைக் கடைசியில் ஆறு, ஆறு.
பிறகு மூன்று. ஒன்று.
மரியன்னை திருநாளுக்கு முந்தின நாள்
கோலின் அடிநுனி காற்றில் நின்றது.
அதை அறைந்தவன்
இதற்குக் கீழே ஆறு போகாதென்று நம்பியிருக்கிறான்.
தையல் நாடாவை வைத்து அளந்தேன்.
நகரத்துக்குப் போன் செய்தேன்.
"மைனஸ் போடப் படிவத்தில் இடமில்லை, ஸெனோவியா அம்மா.
பூஜ்ஜியம் என்றே எழுதுங்கள்."

அன்றிரவு ஆலைக்குக் கீழே
முழங்கால் ஆழ மடுவில்
ட்ரவுட் மீன்கள் முதுகோடு முதுகு உரசிக் கிடந்தன.
தொயாதெர் மரத்தூள் வாளிகளைக் கழுவி
மேல் மடுவுக்குச் சுமந்துகொண்டிருந்தான்.
பிடிபட்டால் அபராதம்.
நானும் ஒரு வாளி எடுத்தேன்.
பேசிக்கொள்ளவில்லை; வேலித் தகராறில்
பேச்சு நின்று ஒன்பது வருடம்.
வாளிக்குள் மீன்கள் அவ்வளவாகத் துள்ளவில்லை,
அதுதான் பயமாயிருந்தது.

விடிந்ததும் எழுதினேன்:
மைனஸ் நான்கு.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
அடுத்த தாளிலும் பதியும்படி அழுத்தி.

அக்டோபரில் மழை.
பீச் இலைகள் கோலை மூடி ஒட்டிக்கொள்ள
எண்ணைக் கையால் துடைத்துத்தான் பார்க்கவேண்டும்.
பதினேழு. நாற்பது. இலை. ஐம்பத்திரண்டு.

அடுத்த கோடைக்கு முன்
நகரத்திலிருந்து இருவர் வந்து
கோலின் அடியில் புதுத் துண்டு பொருத்தினார்கள்,
பூஜ்ஜியத்திலிருந்து கீழ்நோக்கி முப்பது வரை.
தொயாதெர் ஆலையிலிருந்து இறங்கி வந்து
பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து
வெகுநேரம் பார்த்தான்.

"பத்து போதாதா?" என்றான் என்னிடம்.