காலி எடை

முதலில் பட்டை.
ஐந்து இருந்தது, ஏழாக்கச் சொன்னேன்.
"ஏழு போட்டா வெறும் வண்டி குதிக்கும்க்கா,
தேவகோட்டை ரஸ்தா வர்றதுக்குள்ள பல்லு கொட்டிரும்"
என்றான் கழனிவாசல் பட்டறை மைதீன்.
கொட்டட்டும்.
போன ஐப்பசியில் இருபது குழாயோடு
கண்மாய்க் கரைச் சேற்றில் அச்சு தட்டி
விடிய விடிய நின்ற பிக்கப்புக்குள்
கொசுவோடு படுத்தது நான்தானே.

ஆறு என்று முடிந்தது.

பிறகு தளம்.
குழாய் விழுந்து விழுந்து நசுங்கிய தகரத்தின் மேல்
கனத்த செக்கர் பிளேட்,
மூலைக்கு மூலை கொக்கி.
டயர்க் கடைக்காரர் சொன்னார்: "முள்ளே ஏறாது."
சீமைக்கருவேலத்தை அவர் இன்னும் கேட்கவில்லை.
வாங்கினேன். கூடவே ஸ்டெப்னி இரண்டு.

கடைசியில் வின்ச்.
ஒரு இரும்புக் கை, கம்பி வடம், பெரிய பேட்டரி.
மற்றதெல்லாம் இதைத் தாங்கத்தான்.

பள்ளத்தூரில் ஒரு போர்.
பதின்மூன்றாம் குழாயைக் கவ்வி நின்றபோது
சாத்தையா சத்தம் போடவில்லை.
"கொஞ்சம் பிடிங்கடா" என்றார், அவ்வளவுதான்.
டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி
நழுவிய இடத்தைப் பேனாவால் தொட்டார்.
யு-போல்ட் அறுந்த பட்டைக்கட்டை
மைதீன் பட்டறையில் பார்த்தவளுக்கு
விளக்கம் தேவைப்படவில்லை.

ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.
இரண்டு மாதம் கழித்து
முப்பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்தேன்.

இடுப்பில் பெல்ட், பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தபடி
அவரும் ஆர்டர் கொடுத்தார்:
முன்னால் ஒரு கம்பி கார்டு.
தலைக்கு மேல் ஆறு லைட்.
லாரிக்குப் போடுகிற ஹாரன்.
"எதுக்கு?" என்று மைதீன் என்னைப் பார்த்தான்.
போடு என்றேன்.
எல்லாவற்றையும் வேண்டாம் என்று
ஒரே வருஷத்தில் எத்தனை முறை சொல்வது.

புதுவயலில் அரிசி ஆலை எடைமேடை.
நெல் லாரிகளுக்கு நடுவே வெறும் வண்டியை ஏற்றினோம்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர் கேட்டார்:
"உள்ள என்னம்மா வச்சிருக்கீங்க?"
ஒன்றுமில்லை.
முன்பைவிட முன்னூற்று நாற்பது கிலோ கூடுதலாய்
ஒன்றுமில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை அதேதான்.
இரும்பு ஏற ஏற
ஏற்ற முடிந்தது குறைந்திருக்கிறது.
சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
பதினோரு குழாய்.
மாதத் தவணை பதினாறாம் தேதி.

திரும்பவும் பட்டறை.
நான் வாயைத் திறப்பதற்குள்
ஸ்டூலை வண்டியின் முன்னால் இழுத்துப் போட்டு
கார்டு போல்ட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.
வண்டி முழுக்க
குனியாமல் அவருக்கு எட்டும் நட்டுகள்
அவை மட்டும்தான்.
"பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தா அபராதம் போடுவான்"
என்றார், யாரும் கேட்காமலே.
லைட்டில் நாலு இறங்கியது.
ஹாரன் இருக்கிறது. அது எடையே இல்லையாம்.

முதல் வேலை கானாடுகாத்தானில்.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்,
போர் பின்கட்டில்,
சாவி வைத்திருப்பவர் கல்யாணத்தில்.
பதினொரு மணிக்குத்தான் கதவு திறந்தது.
நானூற்று இருபது அடி.
வடம் விறைத்தது. பின்பக்கம் அமுங்கி அமுங்கி
ஆறு பட்டையும் நிமிரும் சத்தம்
சீட்டு வழியாக என் முதுகுக்கு வந்தது.
இருபத்தோரு குழாய்.
வெள்ளைக்கண்ணு கிளாம்ப் மாட்ட மாட்ட
அவர் சுவிட்சை அழுத்தினார், விட்டார்,
அழுத்தினார்.
செம்மண் குழம்பு வழிய மோட்டார் வெளியே வந்தபோது
நிமிர்ந்தே நின்றிருந்தார்,
பெல்ட் நனைந்து.

மோட்டார் காயில் கட்ட காரைக்குடியில் இறங்கியது.
அதற்கப்புறம் வெறும் வண்டி.
ரஸ்தா ரோட்டில் குதித்தது பாருங்கள்,
இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
மைதீனின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்.

"ஏழு கேட்டது நான்" என்றேன்.

ஹாரனை எட்டி அடித்தார்.
முன்னால் யாருமே இல்லை.