பிழையின் மூலம்

ஊலு நகரில் டிசம்பர் சூரியன்
மூன்றரை மணி நேர ஊழியன்,
அதையும் அரைமனதாகத்தான் பார்ப்பான்.
நான் வரும்போது இருட்டு,
போகும்போதும் இருட்டு.
இடையில் ஜன்னல் இல்லாத அறையில்
ஒரு கண்ணுக்கு ஒளி ஊட்டுவது என் பிழைப்பு.

கண் என்றால், நகக்கண் அளவு.
வரிசைக்கு முப்பத்திரண்டாக
ஆயிரத்து இருபத்து நான்கு புள்ளிகள்.
நீல ஒளி பட்டால் மின்சாரம் கசியும்.
விளக்கை அணைத்தாலும் உடனே நிற்காது,
அழுது முடித்த குழந்தையின் விசும்பல் போல
விட்டு விட்டு வந்து
மெலிந்து
தூங்கிப்போகும்.

கேமரா ஒரு சுமைகூலி.
கண்டதையெல்லாம் மூட்டை கட்டி
மூளையின் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும்.
இதற்கு அந்த அவசரமில்லை.
எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று
பார்த்த இடத்திலேயே பேசி முடித்துவிடும்.
ஒருமுறை காட்டியதை ஒன்றிரண்டு நாளில் மறக்கும்.
மறப்பதற்குள் மறுபடி காட்டினால்
முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக நம்பும்.
அவ்வளவுதான் அதன் படிப்பு.
என் படிப்பும் பெரிதாக வேறல்ல.

பதினேழாம் தேதி காலை
விளக்கையே தொடாத ஒரு சில்லில்
பதினொரு புள்ளிகள் விழித்திருந்தன.
இடது மேல் மூலையில்
நசுங்கிய பேரிக்காய் வடிவில் ஒரு கறை.

படலத்தில் குறை என்றேன்.
கம்பிகளை மாற்றினேன்.
வேறு சில்லை வைத்தேன்:
முதல் நாள் வெறுமை,
நான்காம் நாள் அதே பேரிக்காய்.
ஆய்வுக் கட்டுரைக்குக் கெடு ஒன்பது நாள்.
பக்கத்து மேசை வால்தெமார்
"பேய்" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனான்.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
கருவியின் மேல் போர்த்திய கறுப்புத் துணிக்குப் பின்னால்
நாற்காலியில் சுருண்டு கிடந்தேன்.
இரண்டு நாற்பதுக்குக் கதவு திறந்தது.
டார்ச் வெளிச்சம்.
காவலர் ஓஸ்மோ.
நேராகச் சுவரின் வெப்பமானிக்கு நடந்து
கண்ணைச் சுருக்கி எண்ணைப் படித்து
உதடசைத்துச் சொல்லிக்கொண்டார்.
அவர் திரும்பும்போதுதான் பார்த்தேன்,
துணியில் ஒரு கிழிசல்,
மிளகு நுழையும் அளவு.
அதன் வழியே டார்ச் உள்ளே போய்
தலைகீழாகப் படுத்துக்கொண்டது.

என்னைக் கண்டு அவர் அலறியதை
இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்
இந்த அறையில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்ததாம்.
அன்று முதல் தினமும் பார்க்கிறாராம்.
யார் சொன்னது என்றேன்.
யாரும் சொல்லவில்லை என்றார்.

மடிக்கணினியில் கறையைக் காட்டினேன்.
"இது நீங்கள்."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.
"கொஞ்சம் குண்டாகத் தெரிகிறேன்" என்றார்.
பிறகு, மெதுவாக:
"கெடுத்துவிட்டேனா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.
ஒன்பது நாள் கெடு என் வாயை அடைத்தது.
இதற்கு நீலம் மட்டும்தான் தெரியும்,
சிவப்பு தெரியாது என்று
ஏதோ பாடம் நடத்தினேன்.

மறுநாளே துணியைத் தைத்தேன்,
என் தையலை நம்பி யாரும் கப்பல் ஏற முடியாது.
எதிர்மின்னழுத்தம் கொடுத்துப்
பதினொரு புள்ளிகளையும் துடைத்தேன்.
குறிப்பேட்டில் 'பிழையின் மூலம்' என்ற கட்டத்தில்
'ஓஸ்மோ' என்று எழுதி, அடித்து,
'புறவொளி' என்று திருத்தினேன்.

வெள்ளி இரவு வேலை நீண்டது.
இரண்டு நாற்பது.
கதவு திறந்தது.
டார்ச்சின் வாயைக் கட்டைவிரலால் பொத்தியிருந்தார்.
சதை வழியே வடிந்து வந்தது
அடுப்புக் கங்கு போல ஒரு சிவப்பு.
அந்த வெளிச்சத்தில்,
மூக்கு சுவரில் இடிக்கும்படி நெருங்கி நின்று,
எண்ணைப் படித்தார்.
பத்தொன்பதரை.
எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

காலையில் ஆயிரத்து இருபத்து நான்கு புள்ளிகளும்
ஒன்றும் தெரியாதென்று கைவிரித்தன.
அட்டவணையில் சுழியம் போட்டேன்.
ஒருவர் வந்து போன இரவுதான் அது,
அந்தச் சுழியம்.