அந்தரம்

போர்ட் லூயியிலிருந்து வருடத்துக்கு நான்கு முறை.
மூன்று பகல், மூன்று இரவு.
அந்தத் தீவுக்குத் துறை கிடையாது.
பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நின்றுவிடும்.
பிறகு என் வேலை:
மேலே கிரேன், கீழே ஆடும் படகு,
நடுவில் ஒரு கூடை, அதில் நான்கு பேர்.

முகங்களைவிட எடைகள்தான் எனக்குப் பழக்கம்.
மதாம் ரோஸ்லின் ஏறிவிட்டாள் என்பதை
நெம்புகோல் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும்.
அவள் மகள் பிரசவத்துக்கு ஏறினாள் ஒருத்தியாக,
இறங்கும்போது இருவர்,
எடை என்னவோ குறைந்திருந்தது.
கொப்பரைக் கிடங்கு லுயிசோன்
உயிரோடு இருந்ததைவிடப் பெட்டியில் கனத்தார்.
பிள்ளைகள் தேக்கில் செய்துவிட்டார்கள்.

இன்னும் என்னென்னவோ.
கம்பளி சுற்றிய மாதா சிலை,
அவளுக்கு முன்னால் இறங்கி
படகில் வாந்தியெடுத்தபடி காத்திருந்த பாதிரியார்.
ஒன்றையொன்று கடித்துக்கொண்ட இரண்டு பன்றிகள்.
படகு எழும்போது இறக்கினால் முழங்கால் போய்விடும்.
உச்சியில் தொட வைத்து
தாழும்போது கூடவே போக வேண்டும்.
இருபத்தோரு வருடத்தில்
ஒரே ஒரு பல், அதுவும் ஆடிக்கொண்டிருந்த பல்.

இப்போது ஓடுதளம் போட்டாயிற்று.
கப்பலிலிருந்து பார்த்தால்
தென்னைகளுக்கு நடுவே தீவுக்கு வகிடு எடுத்தாற்போல் இருக்கிறது.
மூன்று மணி நேரம் போதுமாம்.
ரோஸ்லினின் தங்கை மகனுக்குக் குடல்வால் வெடித்தபோது
நாங்கள் பாதிக் கடலில் இருந்தோம்.
போய்ச் சேர்ந்தபோது மண் காய்ந்திருந்தது.
ஆகவே விமானம் நல்லதுதான்.
நல்லதென்றால் நல்லதுதான்.

ஆளுக்குப் பதினைந்து கிலோ.
பன்றி எப்படிப் போகும் என்று அலுவலகத்தில் கேட்டேன்.
வாலைடோன் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
கப்பலின் கதி 'பரிசீலனையில் உள்ளது' என்று கடிதம்.
கிரேனை மட்டும்
சிமெண்ட் கிடங்கிலிருந்து வந்து அளந்துகொண்டு போனார்கள்.

இந்த முறை கடைசிக் கூடை இறங்கியதும்
படகிலிருந்து ரோஸ்லின் கத்தினாள்:
எங்கள் எல்லாரையும் இறக்கினாயே,
நீ எப்போது இறங்குவாய்?

உண்மைதான். ஒரு நாள்கூட அந்த மணலில் நின்றதில்லை.
கூடைக்கு ஆள் வேண்டுமே.

பையன் கூப்பெனைக் கூப்பிட்டேன்.
இறக்கத் தெரியுமா?
மூட்டை இறக்கியிருக்கிறேன் என்றான்.
ஏறினேன்.
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன், ஏனோ.

தளம் காலடியை விட்டு நழுவியது.
இந்தக் கம்பி இவ்வளவு முனகுமா?
இத்தனை வருடம்
ஒருவர்கூடச் சொல்லவில்லையே.

காற்று கூடையைத் திருப்பியது,
கப்பல் தெரிந்தது, வகிடு தெரிந்தது, மறுபடி கப்பல்.
கீழே படகு எழுந்தது. தாழ்ந்தது.
அவன் இறக்கவில்லை.
படகு மறுபடி எழுந்தது.

நல்ல பையன், இன்னும் பொறு என்றேன்,
அவ்வளவு தூரம் கேட்காது என்று தெரிந்தும்.