கேட்டல், பகுதி இரண்டு

கடிதம் எழுதச் சொல்கிறது ஆறாம் மாதிரித்தாள்.
வாங்கிய சலவை எந்திரம் ஓடவில்லை,
கடைக்காரரிடம் முறையிடுக,
நூற்றைம்பது சொல்லுக்குக் குறையாமல்.

வாலிநோக்கத்தில் எங்கள் வீட்டில்
அப்படியொரு எந்திரம் இல்லை. இருந்தாலும்
ஊற்ற நீர் இல்லை.
டியர் சார் என்று தொடங்கிவிட்டுத்
தண்ணீர் லாரியைப் பற்றியே எழுதினேன்.
ஐந்து நாளாயிற்று.
போர்க்குழாயில் வருவது
உப்பளத்துக்குப் போக வேண்டியது.
பருப்பு வேகவில்லை.
எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்று நான்கு.

திருத்த ஆளில்லை.
இரவுப்பணி முடித்த கண்ணோடு
இன்னும் ஐம்பத்தாறு தேடினேன்.
குடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் கேட்கும்
தள்ளுவண்டியைச் சேர்த்தேன்.
செய்யதம்மாள் மகளுக்குத்
தலை சிக்குவிழுந்து கத்தரித்ததைச் சேர்த்தேன்.
ஹவெவர் இரண்டு இடத்தில்,
மதிப்பெண் உண்டாம் அதற்கு.
கடைசியில்
முகம் தெரியாத ஒருவருக்கு
உங்கள் உண்மையுள்ள நான்.
தமிழில் இதையெல்லாம்
யாருக்கும் எழுதியதில்லை.

அடுத்தது கேட்டல்.
ஒரு முறைதான் ஒலிக்கும் என்கிறாள்
காதுக்குள் ஒருத்தி.
நூலகம் திறக்கும் நேரத்தைப்
பாக்கை ஒதுக்கிக்கொண்டு சொல்வதுபோல் சொல்கிறாள்.
ஐந்தை எழுதினேன். ஆறை எழுதினேன்.
ஏழில் நிற்கும்போது
பள்ளிவாசல் முக்கில் ஹாரன்.

அதுவும் ஒரு முறைதான்.

நீலக் குடம் இரண்டு, எண்ணெய் டின் ஒன்று,
ஓட்டம்.
வரிசையில் முழங்கை இடிபட நிற்கையிலும்
காதில் அவள்
ஒன்பதுக்குப் போய்விட்டாள்.

யாருடி போன்ல, என்றாள் செய்யதம்மாள்.
சார்ட்ட எழுதிக் குடுத்தேன்,
வந்துருச்சுல்ல, என்றேன்.